அண்ணி நடத்திய வேலைப் பக்கம்

அந்தப் பெரியவர் என் அண்ணியை அறைந்த சத்தம் கீழே காப்பிக் கடை வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். ஜொகூர் பாருவில் ஒரு பழைய கடைவரிசையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்வோம். இரண்டு மேசையும் இரண்டு கணினியும் போட்டால் நிறைந்துபோகிற ஓர் அறை. மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் டப்பாக்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். செம்பனை முள் கீறிய கைகளோடு, வெளுத்துப்போன முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் வாசலில் வந்து நின்றார். "வேலைக்கு ஆள் எடுக்குற பிளாக் நடத்துறது யாரும்மா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். அண்ணி எழுந்து, எதிரில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, "நான்தாங்க. உக்காருங்க" என்றார். பெரியவர் உட்காரவில்லை. இரண்டு எட்டில் மேசையைச் சுற்றி வந்து, அண்ணியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். மூக்குக்கண்ணாடி பறந்துபோய்ச் சுவரில் மோதி விழுந்தது. அண்ணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஓடிவந்து குறுக்கே நிற்பதற்குள் பெரியவரின் கை தானாகவே கீழே இறங்கிவிட்டது. அண்ணி இழுத்துப் போட்ட அதே நாற்காலியில் பொத்தென்று விழுந்து, அவர் அழ ஆரம்பித்தார்.

"எம் மவன கொல்லுறானுங்க. நீ போட்ட வெளம்பரத்தப் பாத்துட்டுத்தான் போனான்" என்றார். அதற்கப்புறம் எதையும் கோவையாகச் சொல்லும் நிலையில் அவர் இல்லை. ரெங்கம் என்கிற தோட்டப்புற ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். ஒரே மகன். வெளிநாட்டில் வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்லும் வேலை, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போனவன். போய்ச் சேர்ந்ததும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு ஒரு கட்டடத்தில் அடைத்துவிட்டார்கள். நேற்று பெரியவருக்குப் போன் வந்திருக்கிறது. பணம் அனுப்பினால் விடுவோம் என்று சொல்லிவிட்டு, பேச்சை நிறுத்தி, மகனை அடிக்கும் சத்தத்தைக் கேட்க வைத்திருக்கிறார்கள். "கொழாயில அடிக்கிறானுங்கம்மா. அவன் அப்பா அப்பாங்கிறான். நான் போன வைக்கவும் முடியாம, கேக்கவும் முடியாம ஒக்காந்திருந்தேன்." அண்ணி கீழே குனிந்து கண்ணாடியை எடுத்தார். ஒரு பக்கத்துக் கண்ணாடிச் சில் விரிசல் விட்டிருந்தது. அதையே போட்டுக்கொண்டு, பெரியவர் நீட்டிய போனைப் பார்த்தார். எங்கள் வலைப்பூவின் உச்சியில், பார்க்கிறவர் கண் முதலில் போய் விழும் இடத்தில், அந்த விளம்பரம் பளிச்சென்று இருந்தது. அண்ணியின் கன்னத்தில் விரல் தடங்கள் ஒவ்வொன்றாகச் சிவந்து எழுந்துகொண்டிருந்தன.

அண்ணி எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். என் அண்ணனுக்கு லாரி ஓட்டுகிற வேலை. அண்ணி சிங்கப்பூரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தார். விடிவதற்கு முன்பே கிளம்பி, எல்லைப் பாலத்தில் பஸ் ஊர்ந்து போகும் நேரத்தில் போனில் எழுதுவார். முதலில் எழுதியது சமையல் வலைப்பூ. கோழிப் பிரட்டலையும் நண்டுக் குழம்பையும் அழகாகப் படம் பிடித்துப் போடுவார். அதைப் படித்தது அநேகமாக நானும் அண்ணனும்தான். ஒரு நாள் அலுத்துப்போய், சிங்கப்பூரில் முதல் நாள் வேலைக்குப் போகிறவர் என்னென்ன கையில் வைத்திருக்க வேண்டும், வேலை பெர்மிட்டுக்கு எங்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், எந்த மாதிரி ஏஜெண்டிடம் ஏமாறக்கூடாது என்று தன் அனுபவத்தை எழுதிப் போட்டார். யார் யாரோ படித்தார்கள். கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதிலாக அடுத்தடுத்து எழுதினார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் களைத்த மனிதர் தேடுபொறியில் எந்தச் சொற்களைத் தட்டுவார் என்று யோசித்து, அந்தச் சொற்களையே தலைப்பாக வைப்பார். "நம்ம அறிவக் காட்டுறதுக்குத் தலைப்பு இல்ல. அவங்க வாயில என்ன வருதோ அதுதான் தலைப்பு" என்பார். தமிழில் எழுதியதை மலாயிலும் எழுதினார். வலைப்பூ வளர்ந்து, சொந்தப் பெயரில் தளம் வாங்கி, வேலை வாய்ப்புகளைத் தொகுத்துப் போடும் பக்கமாக மாறியது.

காசு வருவதற்கு வெகுகாலம் ஆனது. தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் இணைய விளம்பரங்கள் சில்லறைதான் கொடுத்தன. தமிழ்ப் பக்கத்துக்கு இன்னும் குறைச்சல். நேரடியாக நிறுவனங்களிடம் பேசி இடம் விற்றால்தான் வாடகை கொடுக்க முடியும் என்று அண்ணி கண்டுகொண்டார். கிளினிக்குகள், தங்கும் விடுதிகள், பஸ் சேவை நடத்துகிறவர்கள் என்று ஒவ்வொருவராகப் பிடித்தார். பிறகு தொழிற்சாலையை விட்டார். என் கல்யாண வாழ்க்கை முறிந்து, கணக்கெழுதிக்கொண்டிருந்த கம்பெனியும் மூடிப்போய் நான் அண்ணன் வீட்டில் சும்மா இருந்த சமயம் அது. "வீட்டுல ஒக்காந்து என்ன யோசிக்கிற? வா, சேர்ந்து செய்யலாம்" என்று என்னையும் கூட்டிக்கொண்டார். அண்ணன் முதலில் கேலி செய்தான். "காத்துல கட எடுத்து வச்சிருக்கா" என்பான். அந்தக் கடையின் வருமானத்தில் வீட்டுக் கூரை மாறிய பிறகு, காப்பிக் கடையில் தன் லாரிக்காரச் சகாக்களிடம் அதே வார்த்தையைப் பெருமையாகச் சொன்னான்.

அந்த விளம்பரத்தைக் கொடுத்த ஏஜெண்டு வந்தது அப்போதுதான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பெட்டி கறிப்பஃப். அண்ணியை அக்கா என்றுதான் கூப்பிட்டான். பக்கத்தின் உச்சியில் இருக்கிற இடம் வேண்டும் என்றான். அண்ணி நிறுவனப் பதிவுக் காகிதங்களைக் கேட்டார், காட்டினான். அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தோம். ஒரு பெண் மரியாதையாகப் பேசினாள். மற்றவர்கள் தயங்கித் தயங்கிக் கொடுக்கும் காசை அவன் முன்பணமாகவே கட்டினான். விளம்பரப் படத்தில் அவனே சிரித்துக்கொண்டு நின்றான். திரையில் பார்க்கும்போது அது நாலு வர்ணமும் ஒரு முகமும்தான். அதற்கு மறுமுனையில் ஒரு இரும்புக் குழாய் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

பெரியவர் அழுது ஓய்ந்ததும், அண்ணி அவர் முன்னாலேயே அந்த ஏஜெண்டுக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் எல்லாரும் கேட்டோம். அவன் குரலில் பதற்றமே இல்லை. "அங்க போனவன் ஒழுங்கா வேல செஞ்சா யாருக்கா அடிக்கப்போறா? நீங்க இடம் வித்தீங்க, நான் வாங்கினேன். அதோட விட்டுடுங்க லா" என்றான். அண்ணி, அந்தப் பையனை அனுப்பி வைக்காவிட்டால் போலிசுக்குப் போவேன் என்றார். பதிலுக்கு அவன் அண்ணியின் மகள் படிக்கிற பள்ளியின் பெயரைச் சொன்னான். அவள் எந்த நிற வேனில் வீட்டுக்கு வருகிறாள் என்பதையும் சொன்னான். போன் வைக்கப்பட்டது. அண்ணி அந்த விளம்பரத்தை எடுத்தார், கைப்பையை மாட்டிக்கொண்டார், பெரியவரைக் கூட்டிக்கொண்டு போலிஸ் நிலையத்துக்கு நடந்தார். அங்கே பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். வேறு நாட்டு விவகாரம், உடனே ஒன்றும் நடக்காது என்றும் மறைக்காமல் சொன்னார்கள்.

அடுத்த வாரத்தில் அந்தப் பையனின் குரல் எங்கள் பக்கத்தில் போட்டிருந்த எண்ணுக்கே வந்தது. கூட அடைபட்டிருந்த ஒருவன் ஒளித்து வைத்திருந்த போனிலிருந்து, துண்டு துண்டாகப் பேசி அனுப்பியிருந்தான். கிசுகிசுப்பான குரல். முன்பின் தெரியாதவர்களிடம் காதல் பேசி, முதலீடு என்று சொல்லிக் காசு பிடுங்குவதுதான் அங்கே வேலை. அன்றைய கணக்குக்குக் காசு விழவில்லை என்றால் உள்ளங்காலில் குழாயால் அடிப்பார்கள். கட்டில் கம்பியோடு கையை விலங்கிட்டு, ஈரத் தரையில் நிற்க வைத்து, மின்சாரக் கோலை விலாவில் வைப்பார்கள். தப்பிக்க மாடியிலிருந்து குதித்த ஒரு பையனை, கால் முறிந்து கிடந்தவனை, மற்றவர்கள் பார்க்கும்படி இழுத்து வந்து மறுபடி அடித்தார்கள். அவன் அதற்குப் பிறகு எழவில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசித் துண்டில் அந்தப் பையன் சொன்னான்: "அக்கா, எழுதுங்க. எம் பேரப் போட்டே எழுதுங்க. செத்தாலும் யாருக்காச்சும் தெரியட்டும்." அண்ணி ஒவ்வொரு துண்டையும் திரும்பத் திரும்பக் கேட்டு எழுத்தாக்கினார். நான் ஒரு தடவைக்கு மேல் கேட்க முடியாமல் எழுந்து கீழே போய்விட்டேன்.

அதை வெளியிடுவது பற்றி வீட்டில் பெரிய சண்டை நடந்தது. அண்ணன் பயந்துவிட்டான், அவனுக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். சோற்றுத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தான். "நம்ம புள்ள வேணுமா, பிளாக் வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு" என்று கத்தினான். அண்ணி சிதறிய சோற்றைப் பெருக்கிக்கொண்டே, "அதுவும் ஒரு வீட்டுப் புள்ளதாங்க" என்றார். மறுநாள் காலையிலேயே மகளை மூவாரில் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். பிறகு எழுதியதை வெளியிட்டார். "இந்த விளம்பரத்துக்கு நான் காசு வாங்கினேன்" என்பதுதான் முதல் வரி. ஏஜெண்டின் முகம், அவன் தந்த காகிதங்கள், பையனின் சொற்கள், தன்னை மிரட்டிய விதம் எல்லாம் அதில் இருந்தன. அதுவரை நாங்கள் எழுதிய எதையும் அத்தனை பேர் படித்ததில்லை. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் இணைய விளம்பரங்கள் எதுவும் வராதபடி அண்ணி நிறுத்தி வைத்தார். கூட்டம் மொய்க்கும் பக்கம், நல்ல காசு வந்திருக்கும். நான் அதைச் சொன்னபோது, "அடி வாங்கினவன் கதையில நான் காசு பாக்க மாட்டேன்" என்றார். இன்னும் சில குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளைப் பற்றி எழுதின. எங்கள் வழக்கமான விளம்பரக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

அவர்கள் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. வெளியே நல்ல வெயில். மூன்று பேர், முகம் முழுக்க மூடிய மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தோடு படியேறி வந்தார்கள். ஒருவன் கையில் பாராங் கத்தி, ஒருவன் கையில் சுத்தியல், மற்றவன் வெறுங்கையோடு கதவைச் சாத்தினான். ஒரு வார்த்தையும் பேசாமல் முதலில் கணினிகளை உடைத்தார்கள். திரைகள் நொறுங்கித் தரையெல்லாம் சிதறின. வெறுங்கைக்காரன் அண்ணியின் கூந்தலைப் பிடித்து இழுத்து, முகத்தை மேசையில் மோதினான். அண்ணியின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. சுத்தியல்காரன் நிதானமாகக் குனிந்து, நல்ல தமிழில் கேட்டான்: "எந்தக் கையில எழுதுற?"

அண்ணிக்கு அந்தக் கேள்வி புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று, மேசையில் கன்னம் அழுந்திக் கிடந்தபடி, "ரெண்டு கையிலயும்தான்" என்றார். அவன் அண்ணியின் வலது கையை மேசையில் விரித்து வைத்து அடித்தான். எலும்பு முறிகிற சத்தம் சுள்ளி முறிவது போல் மிகச் சின்னதாக இருந்தது. அடுத்து இடது கையை எடுத்து வைத்தான், சுத்தியல் ஒரு விரலில் விழுந்தது. நான் சுவரோரம் ஒண்டி நின்றிருந்தேன். மைலோ கலக்க வைத்த தண்ணீர் அப்போதுதான் கொதித்து, மின்சாரக் கெண்டியின் பொத்தான் டக்கென்று அணைந்தது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் எனக்குக் கை கால் வந்தது என்று நினைக்கிறேன். கெண்டியை எடுத்து, சுத்தியல்காரனின் தலைக்கவசத்துக்கும் சட்டைக் காலருக்கும் இடையில் அப்படியே கவிழ்த்தேன்.

"அம்மா" என்று அலறினான். வளர்ந்தவனின் குரலே இல்லை அது. சின்னப் பிள்ளை கதவிடுக்கில் விரலை நசுக்கிக்கொண்டு கூப்பிடுமே, அந்த மாதிரி. சுத்தியல் கீழே விழுந்தது. பாராங்காரன் என்னை நோக்கி வீசிய வெட்டு கதவுச் சட்டத்தில் பாதியும் என் முழங்கையில் பாதியுமாக இறங்கியது. பிறகு மூவரும் கதவைத் திறந்துகொண்டு ஓடினார்கள். வெந்தவன் மட்டும் படியில் தடுக்கி விழுந்து, காப்பிக் கடைக்காரர்களிடம் அகப்பட்டான். தலைக்கவசத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நாற்காலியாலும் காலாலும் அவனை அடித்தார்கள். அத்தனை பேரும் எங்களைத் தினமும் விசாரிக்கிறவர்கள், அமைதியான மனிதர்கள். அன்று அவர்கள் முகங்களை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அண்ணி மாடிப்படியின் நடுவில் வந்து நின்றார். இரண்டு கைகளையும் முன்னால் தூக்கிப் பிடித்திருந்தார். வலது கை விரல்கள் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. வாயெல்லாம் ரத்தத்தோடு, "போதும். செத்துடப் போறான். போலிஸ கூப்பிடுங்க" என்றார். அவர் கத்தவில்லை. இருந்தும் அடி நின்றது.

வலது கைக்கு அறுவை சிகிச்சை செய்து விரல்களுக்குள் கம்பி வைத்தார்கள். இடது கையில் சுட்டு விரல் மட்டும் முறிந்திருந்தது. அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் தன் நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றான். அண்ணி அவனைக் கூப்பிட்டு, "அழுவாதீங்க, எனக்கு சோறு ஊட்டி விடுங்க" என்றார். பல மாதங்களுக்கு அவன்தான் ஊட்டினான், தலை பின்னிவிட்டான். பின்னல் கோணலாகத்தான் வரும்.

பிடிபட்டவன் போலிசிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அதை வைத்து ஏஜெண்டையும் மற்ற இருவரையும் பிடித்தார்கள். அந்த வெளிநாட்டுக் கட்டடத்தில் போலிஸ் நுழைந்ததாகச் செய்தி வந்தது. வெளியே கொண்டுவரப்பட்டவர்களில் ரெங்கத்துப் பையனும் இருந்தான். எங்கள் பக்கம் அதில் எவ்வளவு உதவியது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. திரும்பி வந்ததும் அப்பாவும் மகனுமாக அண்ணியைப் பார்க்க வந்தார்கள். பையன் எலும்பும் தோலுமாக இருந்தான். ஒரு காது கேட்காது. பேசுகிறவர் பக்கம் முழு முகத்தையும் திருப்பித்தான் கேட்டான். பெரியவர் அண்ணியின் கட்டுப்போட்ட கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒன்ன அடிச்ச கை எனக்கு வெளங்காம போயிருக்கணும்மா" என்றார். அண்ணி, "நீங்க அடிக்கலன்னா எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்டார். ஆறுதலுக்காகச் சொன்னதாக எனக்குப் படவில்லை. உண்மையாகவே பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் கேட்பது போல இருந்தது.

இப்போது அண்ணியின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. போனில் பேசி எழுதுகிறார். நம் ஊர்த் தமிழை அது ஏதேதோ புரிந்துகொண்டு எழுதும். நான் உட்கார்ந்து திருத்துவேன். யாராவது விளம்பரம் கொடுக்க வந்தால், காகிதங்களைப் பார்ப்பதோடு அண்ணி விடுவதில்லை. வேலை நடக்கும் இடத்தை நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அங்கே இருக்கிறவர்களோடு தனியாகப் பேச வேண்டும் என்பார். ஓய்வு நாளில் அண்ணன்தான் வண்டி ஓட்டுகிறான். பாதிப் பேர் இதைக் கேட்டதும் திரும்பி வருவதில்லை. வருமானம் முன்னைப் போல் இல்லை. மாடி அறையை விட்டுவிட்டு வீட்டின் முன்கூடத்திலேயே வேலை செய்கிறோம். எங்கள் வீட்டுக்கு மாடியே இல்லை, ஆனாலும் பக்கத்து வீட்டுப் படியில் யாராவது வேகமாக ஏறினால், அந்தச் சத்தத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலை தூக்குவோம்.

சென்ற மாதம் எங்கள் பக்கத்துக்கு ஒரு பெண் எழுதியிருந்தார். வழக்கமாக வரும் கேள்விகளில் ஒன்று என்று நினைத்துத்தான் திறந்தேன். மகன் சிறையிலிருந்து வெளியே வரப்போகிறான், சிறைக்குப் போனவர்களையும் எடுத்துக்கொள்ளும் வேலை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். கீழே மகனின் பெயர் இருந்தது. நீதிமன்றத்தில் நான் சாட்சி சொன்ன அன்று படித்துக் காட்டப்பட்ட பெயர். அன்று அவன் கழுத்தும் தோளும் உருகி உறைந்த மெழுகு போல இருந்ததைப் பக்கவாட்டில் பார்த்தேன். அவனுக்கு அப்போது மீசைகூடச் சரியாக வந்திருக்கவில்லை. தன் மகன் யாரை அடித்தான் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்துதான் எழுதியிருக்கிறார். வேறு எங்கே கேட்பது என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வலது கையை மடியில் வைத்து இடது கையால் நீவிக்கொண்டிருந்தார். "என்னால முடியாது" என்றார் கடைசியில். "ஆனா பதில் போடாம இருக்கக் கூடாது. நீ எழுது. ஒனக்குத் தோணுறத எழுது." எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

நான் முதலில் எழுதியது ஒரே வரி: இப்போது அப்படி வேலை எதுவும் இல்லை. அனுப்புவதற்கு முன் அழித்தேன். முழங்கைத் தழும்பு அரித்தது. சாயங்காலம் வரை யார் யாருக்கோ போன் செய்தேன். பாசிர் கூடாங்கில் ஒரு கிடங்கில், பழைய வழக்கு இருந்தாலும் ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். வெளியே சரக்கு ஏற்றி இறக்குகிற இடத்திலும் ஆள் வேண்டும், உள்ளே பெட்டி அடுக்கவும் ஆள் வேண்டும் என்றார்கள். கிடங்கின் முகவரி, பார்க்க வேண்டிய ஆள், கொண்டுபோக வேண்டிய காகிதங்கள் எல்லாவற்றையும் எல்லாருக்கும் எழுதுவது போலவே வரிசையாக எழுதினேன். என் பெயரைப் போடவில்லை. அனுப்பப் போகும்போது விரல் நின்றது. பெட்டி அடுக்குகிற வேலையையே கேட்கச் சொல்லுங்கள், வெந்த தோலுக்கு வெயில் ஆகாது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்.